இருபத்திரண்டு கைகள்

“எதுவரைக்கும்?” என்று கேட்டுவிட்டுத்தான் ஜூராகான் எஜே சல்லடையைக் கையில் கொடுப்பார். வாங்க வந்தவள் அடுத்த வீட்டுக்காரி. முழங்கைவரை மாவு.

“சலிச்சதும் தந்துடறேன் எஜே.”

“சலிச்சதும்னா எப்போ?”

“சாயங்காலம்.”

“எந்தச் சாயங்காலம்?”

செவ்வாய்க்கிழமை என்று அவள் வாயிலிருந்து வந்த பிறகு எஜே அலமாரிக் கதவைத் திறந்து, அதன் உட்புறத்தில் சாக்கட்டியால் ‘சல்லடை, செவ்வாய்’ என்று எழுதுவார். அதற்கு மேலே ‘ஏணி, வெள்ளி’ என்று இருக்கும். அதற்கும் மேலே, இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்து உட்கார்ந்துவிட்ட தம்பி மகனின் பெயரும் ஒரு தேதியும் இருந்தன. “பால் பாக்கெட்டுக்குப் போடற மாதிரி எனக்கும் தேதி போட்டுட்டாங்க” என்று அவன் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தான். அந்தத் தேதியன்று கிளம்பியும் போனான்.

ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அவர் எஜே, அதாவது அக்கா. ஐம்பத்தெட்டு வயது. ஒல்லியான உடம்பு, மேல்வரிசையில் இரண்டு தங்கப் பற்கள். ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரத்தைக் கம்பளிச் சட்டையின் கைக்கு மேலே கட்டியிருப்பார். நேரம் பார்ப்பதற்குச் சட்டையை இழுத்துவிடுவது வீண்வேலை என்பது அவர் கணக்கு. இடக்கையால் எழுதுவார். எழுதிய மை கையில் ஒட்டாமலிருக்க, விரல்களை வெட்டியெடுத்த பழைய கையுறை ஒன்றைப் போட்டுக்கொள்வார். கோபம் வந்தால் பேசமாட்டார். சட்டைப் பையில் எப்போதும் உப்புப் போட்டுக் காயவைத்த தயிர் உருண்டைகள் இருக்கும், அதில் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார். கல் போன்ற உருண்டை. அது கரையும்வரை வாயைத் திறக்க முடியாது.

அவருடைய கணவர் பதினொரு வருடங்களுக்கு முன் கட்டட வேலைக்காக ரஷ்யா போனார். “கொஞ்ச நாளு” என்று சொல்லிவிட்டுப் போனவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். எஜே எல்லாவற்றுக்கும் ‘எதுவரைக்கும்’ கேட்பது அதனால்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அடுப்புக்குச் சாணி வறட்டி அடுக்கும்போது மெதுவாகக் கேட்டும்விட்டேன்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்றார். “அவரு போறதுக்கு முந்தியே நான் இப்பிடித்தான். என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவே அவரு கிட்ட கேட்டேன், எதுவரைக்கும்னு. அன்னிக்கே மனுஷன் பயந்துட்டாரு.”

எஜே எங்கள் ஊர் மன்றத்தின் செயலாளர். மன்றத்தில் பதினொரு உறுப்பினர்கள். வியாழக்கிழமை தோறும் மருத்துவமனையை ஒட்டிய நீள அறையில் கூடுவார்கள். அடுப்பு மூட்டுவதும் தேநீர் ஊற்றுவதும் தரை துடைப்பதும் என் வேலை. தேநீர்க் கெண்டியோடு சுவரோரம் நிற்பவளை யாரும் கவனிப்பதில்லை. அதனால் நான் எல்லோரையும் கவனிக்கலாம். அதிகம் கவனித்தது எஜேயைத்தான்.

யார் என்ன பேசினாலும் அவர் எழுதுவார். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் பக்கத்தில் மூன்று கட்டங்கள் போடுவார்: ஆதரவு, எதிர்ப்பு, பேசாதிருந்தவர். ஆதரவு யார் என்று கேட்டதும் கைகள் உயரும். எண்ணுவார். எதிர்ப்பு யார் என்று கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். சட்டை நுனியால் ஒரு கண்ணாடியைத் துடைப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அடுத்த கண்ணாடியைத் துடைப்பார். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எதிர்த்துக் கை தூக்குவது எங்களிடம் வழக்கமில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்று வருடத்தில் அந்தக் கட்டத்தில் பூஜ்யத்தைத் தவிர அவர் ஏதும் எழுதி நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் துடைத்தார்.

மன்றத் தலைவர் தாலாய்பெக் பொறுமையில்லாதவர். குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டும் நேரமாகிவிடும் அவருக்கு.

“யாரு எஜே எதுக்கப் போறாங்க? முட்டையப் போட்டுட்டு அடுத்ததுக்கு வாங்க.”

“கண்ணாடி அழுக்கா இருக்கு, தம்பி.”

கதவை ஒட்டி ஒரு பெஞ்சு உண்டு. ஊர்க்காரர் யாராக இருந்தாலும் அங்கே வந்து உட்காரலாம், மூன்று நிமிடம் பேசலாம். மூடிப்போன ஒரு சிகிச்சைக்கூடத்திலிருந்து எஜே எடுத்துவந்த கண்ணாடி மணல்குடுவைதான் நேரம் காட்டும். உள்ளே நீல மணல். அதைத் திருப்பி வைத்தால் பேசலாம், கடைசி மணல் விழுந்தால் நிறுத்தவேண்டும். பெஞ்சுக்கு அதிகம் பேர் வருவதில்லை. தவறாமல் வருபவர் ஒருவர்தான், தேனீ வளர்க்கும் ஓமுர்சாக்.

எஜேக்கு இந்த உலகத்தில் பிடிக்காத மனிதர் யார் என்று கேட்டால் நாய்க்குட்டிகூட ஓமுர்சாக் வீட்டைக் காட்டும். ஏழு வருடம் முன்பு எஜேயின் மகள் கல்யாண விருந்தில் அவருக்குத் தட்டில் விலா எலும்பு வந்தது. தன் வயசுக்கும் மரியாதைக்கும் இடுப்பெலும்பு வந்திருக்கவேண்டும் என்பது அவர் வழக்கு. அங்கேயே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். மணமகன் வீட்டார் முன்னால் எஜேக்குத் தலை நிமிரவில்லை. அன்றுமுதல் இன்றுவரை மன்றத்தில் அவருடைய முதல் நிமிடம் எலும்புக்குப் போகும், இரண்டாவது நிமிடம் வாய்க்கால் முறைக்குப் போகும். மூன்றாவதில்தான் வந்த விஷயம்.

“இந்த அம்மா இருக்காங்களே, விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் வித்தியாசம் தெரியாதவங்க. இவங்க எழுதற நோட்டை நம்பி ஊரு நடக்குது” என்று அவர் ஆரம்பிப்பார். எஜே தயிர் உருண்டையை எடுப்பார். மற்றவர்களுக்கு ஒன்று, ஓமுர்சாக்குக்கு இரண்டு. இரண்டு கன்னமும் உப்பியிருக்க, அதையும் எழுதுவார். நான் பதிவேட்டை எட்டிப் பார்த்திருக்கிறேன். ‘குடிமகன் ஓமுர்சாக், விருந்தொன்றில் தமக்கு வழங்கப்பட்ட விலா எலும்பு குறித்து மீண்டும் தெரிவித்தார்.’ அதே வரி வாரம் தவறாமல் இருக்கிறது.

எல்லையில் துப்பாக்கிச் சூடு தொடங்கியது போன இலையுதிர் காலத்தில். எங்கள் ஊரிலிருந்தும் ஆறு இளைஞர்கள் அங்கே போனார்கள். எல்லையோரக் குடும்பங்களை லாரிகளில் ஏற்றிக் கீழே அழைத்துவந்தார்கள். வீட்டுக்கு ஒரு பஞ்சு மெத்தை கொடுங்கள் என்றார்கள், கொடுத்தோம். மாவட்டத்து லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. தலைநகர் பிஷ்கெக்கில் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். சாலையில் சோதனைச் சாவடி வந்தது. சந்தை நேரம் பாதியாகக் குறைந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை. அது முணுமுணுக்கும் நேரமாகத் தெரியவில்லை.

அக்டோபர் இரண்டாம் வாரம் ஓமுர்சாக் பெஞ்சில் எழுந்து நின்றார். எலும்பு, வாய்க்கால் எல்லாம் முடித்துவிட்டுச் சொன்னார்:

“அந்த ஜனங்க தங்கியிருக்கற பள்ளிக்கூடத்துக்குத் தேன் கொண்டுபோனேன். புள்ளைங்க வெறும் பலகையில படுத்திருக்கு. நாம குடுத்த மெத்தை ஒண்ணுகூட அங்க இல்ல. எங்க வீட்டுச் சிவப்பு மெத்தை, என் சம்சாரம் சாகறதுக்கு முந்தின வருசம் தச்சது. அது எங்கன்னு கேட்டுச் சொல்லுங்க.”

மணல் தீர்ந்துவிட்டது. எஜே முழுவதையும் எழுதினார், சிவப்பு என்பதையும்.

மறுநாள் ஓமுர்சாக் வீட்டுக்குப் போலீஸ் வந்தது. பீதி கிளப்பக்கூடாது, இன்னொரு முறை பேசினால் உள்ளே போகவேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த வியாழன், அக்டோபர் பதினேழு, மாவட்டத்திலிருந்து ஓர் ஆள் காகிதத்தோடு வந்தார். தோல் சட்டை, மரியாதையான பேச்சு. கூடவே ஒரு டிரைவர்.

தாலாய்பெக் காகிதத்தை வாசித்தார். நெருக்கடியை முன்னிட்டு மன்றம் தன் கூட்டங்களை நிறுத்திவைக்கிறது. பொதுமக்கள் பெஞ்சு எடுக்கப்படுகிறது. மன்றத்தின் அதிகாரம் முழுவதும் ஊர் நிர்வாகியிடம் போகிறது. மன்றமே வாக்களித்து இதற்குச் சம்மதிக்கிறது.

அன்று ஒன்பது உறுப்பினர்கள் வந்திருந்தார்கள். சிலர் முகத்தில் ஒரு நிம்மதியைக்கூடப் பார்த்தேன். “அந்தத் தேனீக்காரன் தொல்லையாவது ஓயும்” என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அந்தத் தேனீக்காரர் கதவோரப் பெஞ்சில்தான் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போலீஸ் வந்து போன பிறகு அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை.

எஜே பேனாவை நிமிர்த்தினார்.

“எதுவரைக்கும்?”

“நெலம சரியாகற வரைக்கும், எஜே” என்றார் மாவட்டத்து ஆள்.

“நெலம சரியாகறது எந்தத் தேதி?”

அறையில் சிரிப்பு. “எஜே, இது உங்க சல்லடை இல்ல!” என்றார் ஓர் உறுப்பினர். மாவட்டத்து ஆளும் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பி, மேசையின் தலைமாட்டில் இருந்த ஷெர்தான் அத்தாவைப் பார்த்தார். உறுப்பினர்களிலேயே மூத்தவர், எண்பத்தொன்று.

“அத்தா, நம்ம பசங்க எல்லையில நிக்கறாங்க. உங்க வாயால ஒரு ஆசி சொல்லுங்க.”

எல்லையில் நிற்கும் பிள்ளைகளுக்கு ஆசி வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? அத்தா இரு உள்ளங்கைகளையும் விரித்து உயர்த்தினார். எல்லோரும் உயர்த்தினோம். பாதை திறக்கட்டும், வீடு நிறையட்டும், போனவர்கள் திரும்பட்டும் என்று அவர் சொல்லி முடித்ததும் ‘ஓமீன்’ என்று முகத்தில் கைகளைத் தடவி இறக்கினோம். ஆசி முடிந்தால் எங்களுக்கு எல்லாம் முடிந்தது. விருந்தானாலும் சண்டையானாலும் அதன்பின் எவரும் பேச்செடுப்பதில்லை. உறுப்பினர்கள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளித் தொப்பியை எடுத்தார்கள். தீர்மானம் நிறைவேறிவிட்டது என்றே அவர்கள் நினைத்தார்கள். சத்தியமாக நானும் அப்படித்தான் நினைத்தேன், கிண்ணங்களைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

“ஏகமனதான்னு எழுதிக்கங்க எஜே” என்றார் மாவட்டத்து ஆள்.

“ஓட்டு எடுக்கலியே.”

“எல்லாரும் கை தூக்கினாங்களே. டிரைவர் போட்டோவே எடுத்துட்டான். பாருங்க.”

எஜே போனை வாங்கினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பென்சில் முனையால் படத்தைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். நிதானமாக எண்ணினார்.

“என் கையையும் உங்க கையையும் விட்டா இருபத்திரண்டு கை.”

“அதான் சொல்றேன்.”

“வந்திருக்கற உறுப்பினரு ஒன்பது பேரு. ஆளுக்கு ரெண்டுன்னு வச்சாலும் பதினெட்டுதான் வருது. எது ஆதரவுக் கை, எது எதிர்ப்புக் கைன்னு நான் எப்பிடி எழுத?” பென்சில் படத்தின் ஓரத்துக்குப் போனது. “இது ரெண்டும் டீ ஊத்தற பொண்ணோடது. இவளுக்கு எப்ப ஓட்டுக் குடுத்தீங்க?”

நான் பொறுக்கிய கிண்ணங்களைக் கீழே வைத்துவிட்டேன்.

“இது...” என்று எஜே போனைக் கண்ணருகே கொண்டுபோனார். “ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கு. புல் வெட்டற மெஷின்ல போனது. இது ஓமுர்சாக்கு. தன் வாயைத் தானே மூடணும்னு இந்த மனுஷன் ஓட்டுப் போட்டிருக்காரா? இவரு தூக்கத்துலகூட வாய மூடமாட்டாரே!”

தொப்பியை எடுத்தவர்கள் நின்றபடியே சிரித்தார்கள். பெஞ்சிலிருந்து ஓமுர்சாக் “இந்த அம்மாவுக்கு எலும்புதான் தெரியாது, விரல் தெரியுது” என்றார். மாவட்டத்து ஆள் சிரிக்கவில்லை.

“எஜே, இது நெருக்கடி நேரம். வெளையாட்டு வேணாம். இந்த வேலைக்கு வேற ஆள் கெடைக்காமலா போயிடும்?”

எஜே ஒரு தயிர் உருண்டையைப் போட்டுக்கொண்டார். நான் நின்ற இடத்திலிருந்து மட்டும்தான் அது தெரிந்திருக்கும்: பென்சில் பிடித்திருந்த இடக்கையை மெல்லப் பதிவேட்டுக்கு அடியில் செருகிக்கொண்டார். எஜே வீட்டில் சம்பளம் என்று வருவது அவருடையது மட்டும்தான்.

கையை வெளியே எடுத்தார். எழுந்தார். மாவட்டத்து ஆளிடம் போகவில்லை. ஆசிக்குப் பிறகு பேச்செடுத்தால் அது ஷெர்தான் அத்தாவுக்குத்தான் அவமரியாதை. உருண்டையைக் கையில் துப்பிக்கொண்டு, அத்தாவின் நாற்காலிப் பக்கம் குனிந்தார். அத்தாவுக்குக் காது மந்தம், உரக்கத்தான் கேட்கவேண்டும்.

“அத்தா, தப்பா நெனைக்காதீங்க. எதுக்கு ஆசி குடுத்தீங்க?”

அத்தா அவரையே பார்த்தார். கேட்டதா இல்லையா என்றே தெரியவில்லை.

“பசங்க உசுரோட வரணும்னு குடுத்தேன். வேறெதுக்கு?”

“இந்தக் காகிதத்துக்கு இல்லியா?”

“காகிதத்துக்கு எவனாச்சும் ஆசி குடுப்பானா? அதுல என்ன இருக்குன்னே எனக்குச் சரியாக் காதுல விழல.” அத்தா தடியால் தரையைத் தட்டினார். “ஆசி அது பாட்டுக்கு இருக்கட்டும். எங்க கெளம்பிட்டீங்க எல்லாரும்? ஒக்காருங்கடா.”

நாற்காலிகள் திரும்பவும் முன்னால் வந்தன. தாலாய்பெக் இரண்டாம் முறை, இந்தத் தடவை கத்தி, வாசித்தார். ஆதரவு யார் என்று எஜே கேட்டார். நான்கு பேர் கை தூக்கினார்கள், ஆளுக்கு ஒரு கை. எதிர்ப்பு யார் என்று கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார்.

ஒரு கண்ணாடியைத் துடைத்தார். வெளிச்சத்தில் பார்த்தார். அடுத்ததைத் துடைத்தார். மறுபடியும் முதலாவதற்கு வந்தார். மாவட்டத்து ஆள் மேசைமேல் விரல்களால் தட்டினார். எஜே ஊதித் துடைத்தார். அந்தக் கண்ணாடியில் அவ்வளவு துடைக்க ஒன்றுமே இருந்திருக்காது.

தாலாய்பெக்கின் கை உயர்ந்தது. காது சொறியப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். சொறியவில்லை, கை அங்கேயே நின்றது. பிறகு அத்தாவின் கை.

ஆதரவு நான்கு, எதிர்ப்பு இரண்டு, பேசாதிருந்தவர் மூன்று. நிறைவேற ஆறு வேண்டும். மூன்று கட்டங்களிலும் எஜே எண் எழுதினார். நடுக்கட்டத்தில் எழுதும்போது பேனாவை ஒருமுறை உதறிக்கொண்டார்.

சோதனைச் சாவடியும் இராணுவ லாரிகளுமாக இருக்கும் நேரத்தில் எதுவுமே செய்யாமல் விடமுடியாது என்றார் தாலாய்பெக். அதுவும் சரிதான். கடைசியில் நான்கு வாரம் மட்டும் நிறுத்திவைப்பது என்று முடிவானது. நவம்பர் பதினான்கு வியாழனன்று மன்றம் மறுபடி கூடும், நீட்டிப்பதானால் கூட்டத்தில் வைத்துத்தான் நீட்டிக்கவேண்டும். ஏழு பேர் ஆதரித்தார்கள். எஜே அந்தத் தேதியை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். மாவட்டத்து ஆள் தேநீர் குடிக்காமல் போனார்.

பத்து நாள் கழித்து எஜேக்கு ஒரு கடிதம் வந்தது. அவருடைய வேலை பரிசீலனையில் இருக்கிறதாம். “எதுவரைக்கும்னு போடல பாரு” என்று என்னிடம் காட்டிவிட்டு, அலமாரிக் கதவில் சாக்கட்டியால் ‘வேலை’ என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டார். அது இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

அந்த நான்கு வாரமும் அறைக் கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஓமுர்சாக் தினமும் அந்த வழியாக வந்து, தேதியை வாசித்துவிட்டுப் போவார். எஜேக்கு நன்றி கின்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எஜேயும் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிடிக்காத ஆளுக்காக ஏன் இவ்வளவு என்று எனக்குக் குடைந்துகொண்டே இருந்தது. ஜன்னல் துடைக்கும்போது கேட்டேன்.

“அந்த ஆளுக்காகவா? போடி இவளே! அந்த ஆளுக்கு நான் ஒரு விலா எலும்புகூடத் தரமாட்டேன்” என்றார்.

நவம்பர் பதின்மூன்றாம் தேதி மாவட்டத்திலிருந்து போன் வந்தது. தாலாய்பெக் தொலைந்த குதிரையைத் தேடி மலைக்குப் போயிருந்தார், அல்லது போயிருப்பதாகச் சொல்லச் சொல்லியிருந்தார். எஜேதான் எடுத்தார்.

“நீட்டிக்கலாம், தாராளமா. மன்றத்துல ஓட்டுக்கு வைக்கணும், அவ்வளவுதான். ஓட்டுக்கு வைக்கணும்னா மன்றம் கூடணும். நாளைக்குக் கூடுது. வாங்க, டீ சாப்பிட்டுட்டுப் போங்க.”

வியாழன் காலை முதல் பனி விழுந்தது. எஜே கதவிலிருந்த அறிவிப்பைக் கிழிக்காமல் பிரித்தெடுத்து, பதிவேட்டில் வைத்தார். நானும் அவரும் பின்கட்டிலிருந்து பெஞ்சைத் தூக்கிவந்து பழைய இடத்தில் போட்டோம். உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து காலணிப் பனியைத் தட்டினார்கள். ஏழு பேர் சேர்ந்தார்கள். மாவட்டத்திலிருந்து யாரும் வரவில்லை.

பெஞ்சு காலியாக இருந்தது. எஜே இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கதவு திறந்தது. ஓமுர்சாக். தொப்பியில் பனி, காலில் சேறு, காலையில்தான் நான் துடைத்த தரை. பெஞ்சில் உட்காராமல் நின்றபடியே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மொதல்ல அந்த எலும்பு விஷயம்...”

எஜே கண்ணை மூடித் திறந்தார். சட்டைப் பைக்குள் கைவிட்டு இரண்டு உருண்டைகளை எடுத்து, வலக் கன்னத்தில் ஒன்றும் இடக் கன்னத்தில் ஒன்றுமாக அடக்கிக்கொண்டார். பிறகு கையை நீட்டி மணல்குடுவையைத் திருப்பி வைத்தார்.